யாரும் வேலைக்குப் போகாத வீட்டில் இரண்டு பிள்ளைகள்

2023 ஆடி வரைக்கும் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் இரண்டு சம்பளம் வந்தது. திருப்பூரில் பனியன் வேலைக்கு வாரச் சம்பளம்தான். என் வீட்டுக்காரர் பவர் டேபிள் என்கிற ஒரு சின்னத் தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைத்தார். நான் இன்னொரு சின்ன யூனிட்டில் செக்கிங், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஆர்டர் இருந்து ஒன்றரை ஷிஃப்ட் ஓடினால் இரண்டு பேருக்குமாக வாரம் எட்டாயிரம் வரை வரும். இரண்டு பேருக்கும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ., வருங்கால வைப்பு நிதியான பி.எஃப். எதுவும் கிடையாது. தேனிப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருந்தோம். மகன் எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. மகள் மூன்றாம் வகுப்பு, பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் பள்ளி. ஒரு நாள் ராத்திரி வேலை முடிந்து வண்டியில் வந்தவரை ஏதோ ஒரு வாகனம் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று மறுநாள் சொன்னார்கள்.

அன்றைக்கு இரண்டு சம்பளமும் ஒன்றாக நின்றது. "உனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு, நீ வேலைக்குப் போகலாமே" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. தண்டுவடம் அடிபட்டவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் அது தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. தவறினால் படுக்கைப் புண் வந்துவிடும். சிறுநீரை நேரம் பார்த்து டியூப் போட்டு எடுக்க வேண்டும். மலம் தானாகப் போகாது. ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றால் அந்த ஆளுக்குக் கொடுக்கிற கூலி நான் செக்கிங்கில் சம்பாதிப்பதைவிட அதிகம். ஆக, கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போன பெரியவர் யாரும் இல்லை. அந்த வீட்டில்தான் என் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும் என்று நான் நினைக்கிற விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரிப் பணம். இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்ச் சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியில் முதல் வாரத்திலேயே இரண்டே முக்கால் லட்சம் போனது. என் நகை முழுவதும் அடகுக்குப் போய், அப்புறம் மீட்க முடியாமல் ஏலத்திலும் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் அரசே ஏற்கிறது. ஆம்புலன்ஸில் ஏறும்போதே "48 திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று கேளுங்கள். அடுத்து எஃப்.ஐ.ஆர். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். அடையாளம் தெரியாத வாகனம் இடித்துப் பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய், உயிரிழப்பு என்றால் 2 லட்சம் என்று 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் இழப்பீட்டுத் திட்டம் நடப்பில் உள்ளது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து மனு கொடுக்கலாம். வண்டி எது என்று தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே மனு போட ஆறு மாதம்தான் என்று சட்டத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள், ஆகவே வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு என்றால், வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கிற விபத்தும் பணிக்காயமாகக் கணக்கில் வரும். அப்படி வந்தால் ஊனத்துக்கு ஆயுள் முழுக்க மாதத் தொகை கிடைக்க வழி உண்டு. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி பிள்ளைகள். பணம் இல்லாததுதான் பெரிய கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்கும் முன்னால் போனது வீட்டின் நேரம். முன்பெல்லாம் காலை எட்டரைக்கு நாங்கள் இரண்டு பேரும் கம்பெனிக்குக் கிளம்பியாக வேண்டும். அந்த அவசரத்தில் பிள்ளைகளும் குளித்து, சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று ஆனபோது அந்த அவசரமே வீட்டை விட்டுப் போய்விட்டது. ராத்திரி முழுக்க விழித்திருந்த வீடு விடிகாலையில் கண் அசரும். மகள் எழுந்து பார்ப்பாள், எல்லோரும் தூங்குகிறோம், அவளும் திரும்பப் படுத்துவிடுவாள். ஆவணியில் மட்டும் அவள் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. சனிக்கிழமை சாயங்காலம் லைன் முழுக்கப் பிள்ளைகள் கையில் பஜ்ஜி, முறுக்கு என்று ஏதாவது இருக்கும். என் பிள்ளைகள் அந்த நேரத்தில் வாசலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

கேட்பதையும் நிறுத்தினார்கள். அது எவ்வளவு பயங்கரமானது என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை. ஒன்பது வயதுப் பெண் கடையில் அழிரப்பருக்கு விலை கேட்டுவிட்டு, "இருக்கறதே போதும்மா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் "உன் புள்ளைங்க எவ்வளவு பொறுப்பு" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. மகன் சுவரில் தொங்குகிற காலண்டரில் வாடகைத் தேதி, குழுக் கடன் தேதி, கேஸ் வாங்கிய தேதி எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தான். நாங்கள் சொல்லவே இல்லை. நாங்கள் ராத்திரி குசுகுசுவென்று பேசியதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே மருந்து, பிள்ளைகளிடம் கணக்கைச் சொல்லிவிடுவது. இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். "இந்த மாச வாடகை கட்டியாச்சு, அரிசி இருபது நாளைக்கு இருக்கு, அப்பாவுக்கு மாத்திரை இருக்கு" என்று இருப்பதைச் சொன்னால் அவர்கள் தூங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இதைச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். மகன் காலண்டரில் வட்டம் போடுவது மெல்ல நின்றது.

குழுக் கடன் என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு குழுவில் கடன் இருந்தது. வசூலுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து வருவார்கள். வாசலில் நின்று மகளிடம், "அம்மா எங்கே பாப்பா?" என்பார்கள். நான் உள்ளே இருப்பேன். அவள் நான் சொல்லாமலே, "அம்மா இல்லை" என்று சொல்லப் பழகிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று நான் பெருமைப்பட்ட பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அழுத அழுகை அவருக்கு அடிபட்ட அன்றைக்குக்கூட அழவில்லை. குழுக் கடன் மாதிரியான மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு காலை ஒன்பது மணிக்கு முன்னாலோ சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்னாலோ கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி இருக்கிறது. வீட்டாரை மிரட்டக்கூடாது, அவமானப்படுத்தக்கூடாது என்றும் இருக்கிறது. 2025-இல் தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. எனக்கு இது எதுவும் தெரியாத காலத்தில், வேறு வழி தெரியாமல், கிளை அலுவலகத்துக்கே நேரில் போனேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி நகலைக் கொடுத்து, வேலை நின்றுவிட்டது, தவணையைக் குறைத்துத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் கேட்டேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கப்புறம் வாசலில் வந்து பிள்ளைகளிடம் பேசுவது நின்றது. வாசலில் பேசாதீர்கள், ஆபீசுக்குப் போய் எழுத்தில் பேசுங்கள்.

மகளின் பள்ளியில் இரண்டு டெர்ம் ஃபீஸ் பாக்கி விழுந்தது. அரசுப் பள்ளிக்கு மாற்றலாம் என்றால் பாக்கியைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழான டி.சி. தருவோம் என்றார்கள். டி.சி. வராமல் எப்படிச் சேர்ப்பது என்று அவளை வீட்டிலேயே வைத்திருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் வீணானது. நேராக அரசுப் பள்ளித் தலைமையாசிரியையைப் பார்த்தபோது, "எட்டாம் வகுப்பு வரைக்கும் டி.சி. இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதும்மா, கட்டாயக் கல்விச் சட்டத்திலேயே இருக்கு, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த வருடம், 2024-இல், ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. நான் மகளைச் சேர்த்த 2023-இல், ஆகஸ்ட் 25 முதல்தான் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிடைக்கும். சாப்பாட்டுக்காகவாவது மகள் நேரத்துக்குக் கிளம்பினாள். வீட்டுக்கு நேரம் திரும்ப வந்தது அந்தக் காலை உணவால்தான் என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன். ஆனால் மகன் எட்டாவது. அவனுக்குச் சத்துணவு உண்டு, காலைச் சாப்பாடு கிடையாது. தங்கச்சி பள்ளியில் சாப்பிட்டுவிடுவாள் என்று தெரிந்ததும், "எனக்குப் பசிக்கலம்மா, அப்பாவுக்கு வைங்க" என்று இவன் வெறும் வயிற்றோடு போக ஆரம்பித்தான். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெரிய பிள்ளையின் காலைத் தட்டைக் கவனியுங்கள்.

பெரிய பிள்ளைதான் இப்படிப்பட்ட வீட்டில் ஆபத்தில் இருக்கிறது. ஐப்பசியில் ஒரு நாள் அவன் இருநூற்றைம்பது ரூபாயை என் கையில் வைத்தான். தெரிந்தவர் பவர் டேபிளில் கைமடி வேலைக்குப் போயிருக்கிறான். தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. பள்ளிக்கு என்று கிளம்பி அங்கே போயிருக்கிறான். சில வாரங்கள் அப்படி நடந்திருக்கிறது. தீபாவளி வரப்போகிற நேரம், வீட்டில் ஐம்பது ரூபாய்கூட இல்லாத நாள். அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம் என்று வைத்தவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இரக்கப்பட்டுத்தான் வைத்திருக்கிறார். ஊரில் நிறைய பிள்ளைகள் படிப்பை விட்டது இப்படி ஓர் இரக்கத்தில்தான். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது என்று ருசி கண்ட பிறகு, கணக்குப் புத்தகத்தைத் திறக்க எந்தப் பையனுக்கு மனசு வரும்?

அவன் அப்படிப் போன வாரங்களில்தான் பள்ளியில் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு படிக்கிற அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற மத்திய அரசுத் தேர்வு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். இவன் நன்றாகக் கணக்குப் போடுகிறவன். தேறியிருப்பானோ மாட்டானோ, எழுதவே வழியில்லாமல் போனது இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. உங்கள் வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிட்டு, வகுப்பாசிரியரிடம் அந்தத் தேர்வைப் பற்றிக் கேளுங்கள்.

வகுப்பாசிரியர் வீடு தேடி வந்தார். அவர் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. உள்ளே வந்து, படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, "இதை ஏம்மா பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவே இல்லை?" என்றார். சொல்லலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. மகன் யாரிடமும் சொல்லக்கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். இதை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் சம்பளம் நின்றால், வீட்டு ஓனருக்குச் சொல்வதற்கும் முன்னால் பள்ளிக்குச் சொல்லுங்கள். வகுப்பாசிரியர், தலைமையாசிரியர் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள். பிள்ளை நாலு நாள் வராவிட்டால் எதற்கு என்று அவர்கள் தேடுவார்கள். எந்த உதவிக்கு எந்தத் தேதி என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஆசிரியர் சொல்லித்தான் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

அதுவரைக்கும் என்னை எல்லோரும் அவர் பெயரில் இருக்கிற உதவிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை. அது மாதம் 2,000 ரூபாய், கட்டாயம் வாங்க வேண்டியதுதான். ஆனால் தண்டுவடக் காயத்துக்கு நிலைமை ஓரளவு நிலைத்த பிறகுதான் மருத்துவக் குழு சதவீதம் போடும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பிள்ளைகள் பெயரில் ஓர் உதவி இருப்பதை யாருமே சொல்லவில்லை. அந்த அலகு வழியாக, குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று இருக்கிறது. பெற்றோர் இறந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றோர் உயிரோடு இருந்து, உடல் முடியாமலோ தீராத நோயிலோ கிடந்து, பிள்ளைகளைப் பார்க்க முடியாத நிலையில் இருந்தாலும் கேட்கலாம். பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், பதினெட்டு வயது வரை. குடும்பத்தின் வருட வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து விசாரித்து, ஒரு குழு முடிவு செய்யும். பணம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் பிள்ளையின் ஆதாரில் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எங்களுக்கு மகனுக்கு மட்டும்தான் அனுமதி வந்தது, அதுவும் உடனே வரவில்லை. அது வரும் என்று நம்பி வாடகைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போட்டாவது கேட்கலாம்.

இதற்கெல்லாம் அடிப்படை வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று நகரும். வருமானமே இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். "அப்புறம் எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று ஓர் அலுவலகத்தில் மகன் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதிலிருந்து எந்த ஆபீசுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில்லை. ரேஷன் அரிசி இலவசம், தம்பி மாதம் இவ்வளவு அனுப்புகிறான், மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது என்று உள்ளதை ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் கேள்வி குறைகிறது. சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள், தேதியைக் குறித்து வையுங்கள்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் ஆறேழு மாதம் அவர் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே மாட்டார். சின்னச் சத்தத்துக்கும் கத்துவார். சம்பாதிக்காத தகப்பன் என்ற எண்ணம் அவரை உள்ளே அரித்தது. தண்டுவடக் காயத்துக்கு மறுவாழ்வுப் பயிற்சி என்று தனியாக உண்டு. வேலூர் சி.எம்.சி., தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் கொடுக்கிறார்கள். வீல்சேரில் தானாக ஏறி இறங்க, டியூபைத் தானே போட்டுக்கொள்ள அங்கெல்லாம் கற்றுத் தருவார்கள். ஊர்க்காரர் ஒருவர் சொல்லி இப்படியொரு பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் பழைய மனுஷரானார். முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சம். காலையில் ஆறு மணிக்கு அலாரம் வைத்துப் பிள்ளைகளை எழுப்புவது இப்போது அவர் பொறுப்பு. ஹோம்வொர்க்கில் கையெழுத்தும் அவர்தான் போடுகிறார்.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் நான் முதலில் பிசிர் வெட்டுகிற பீஸ்களை வீட்டுக்கு வாங்கி வந்தேன். வீட்டு வேலை என்றால் பிள்ளைகள் கை தானாக வந்துவிடும். டஜன் கணக்கில் முடிக்க வேண்டிய அவசரத்தில் "கொஞ்சம் கூட உட்காருடி" என்று என் வாயிலேயே வந்தது. அதனால் அதை விட்டுவிட்டு, நடந்து போகிற தூரத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியாகப் பார்த்து ஒரு ஷிஃப்ட் மட்டும் செக்கிங்குக்குச் சேர்ந்தேன். கூலி கொஞ்சம் குறைவுதான்.

மகன் இப்போது பத்தாவது. பாலிடெக்னிக் போக வேண்டும் என்கிறான். மகள் ஐந்தாவது. சம்பளம் வருகிறதே, ஆறாவதுக்குத் திரும்பத் தனியார் பள்ளியில் சேர்க்கலாமே என்று என் தம்பி கேட்டான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண் பிள்ளைகளுக்குத்தான் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அப்படித்தான். அதோடு, எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆசிரியர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியிலேயே சேர்ப்பதாக முடிவு செய்துவிட்டோம்.